வலையில் இல்லாத தூசி

நாற்பத்தேழு வயது தபீதாள் இதுவரை 1,312 கம்ப்யூட்டர்களைத் திறந்து தூசி எடுத்திருக்கிறார். ஸ்கூட்டர் பெட்டியில் இருக்கும் நீள நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி உண்டு. கூடுவாஞ்சேரி தையல் கடை: நூல் பஞ்சு. சேலையூர் டியூஷன் சென்டர்: சாக்பீஸ் தூள், லாலிபாப் குச்சி ஒன்று. சர்ச் ஆபீஸ்: பல்லி முட்டை, இரண்டு.

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவர். லேபில் இருபத்திரண்டு கம்ப்யூட்டர்கள். பழுது பார்க்க ஆள் கேட்டால், அடுத்த டெர்மில் பார்க்கலாம் என்பார்கள். இரண்டு டெர்ம் பொறுத்தவர், ஒரு சனிக்கிழமை திருப்புளி வாங்கி வந்து தானே திறந்துவிட்டார். சூடாகி நின்றுபோயிருந்த ஆறில் ஐந்து, தூசியை எடுத்ததும் ஓடின. பிறகு பள்ளி டேப்லெட்டுக்கு மாறியது. லேப் யோகா அறையானது. வேலை போன தபீதாளிடம் அந்தத் திருப்புளி இருந்தது.

அவர் வேலை செய்யும்போது அவசரப்படுத்த முடியாது. முதலில் மின்கம்பியைப் பிடுங்குவார். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிடுவார். விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே ஒரு பென்சிலைச் செருகி, அது சுற்றாமல் நிறுத்துவார். அதன் பிறகுதான் பெயிண்ட் பிரஷ்ஷும் கையால் அமுக்கி ஊதும் ரப்பர் குமிழும் வெளியே வரும். மெமரி கார்டின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பார். கடைசியாக, காற்று உள்ளே போகும் முகப்பில் மெல்லிய நைலான் வலையை ஒட்டி, கம்ப்யூட்டரைத் தரையிலிருந்து ஸ்டூலுக்கு ஏற்றுவார். கம்ப்யூட்டரின் பக்கக் கதவில் ஓர் அட்டை தொங்கும்: ‘வலையை மாதம் ஒருமுறை உதறவும். தரையில் வைக்க வேண்டாம்.’

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரே தெருவில் பதினொரு பட்டறைகள் அவரை அழைத்தன. வாரத்தில் மூன்று நாள் வேலை அங்கேதான். அந்தத் தெருவின் தூசி வேறு ஜாதி. காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் கூடவே நகரும். அத்தனையும் இரும்புத்தூள்.

ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை, முடிச்சூர் சாலை சிக்னலில் நின்றபோது தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. போட்டவர் லேத் பட்டறை வைத்தீஸ்வரன். ‘அந்த மேடம் சுத்தம் செய்த சிஸ்டம் மூன்றே வாரத்தில் போய்விட்டது. மற்றவர்கள் யோசித்துக்கொள்ளவும்.’ கீழே அதற்குள் நான்கு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அந்தத் தெரு போனால் பாதி வாரம் போய்விடும். யாரும் கூப்பிடாமலே தபீதாள் வண்டியைத் திருமுடிவாக்கத்துக்கு விட்டார்.

"வாங்கம்மா. ஆன் ஆகவே மாட்டேங்குது. டிராயிங் எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு," என்றார் வைத்தீஸ்வரன். லேத் ஓட்டும் மாரியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் மங்காத நிறத்தில் இருந்தன.

தபீதாள் முதலில் வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. பிறகு பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே கருப்பாக, ஈரம் பட்டுக் கட்டிய தூள். மின்சாரம் தரும் பெட்டிக்குள் டார்ச் அடித்தால் ஒரு மூலை கருகியிருந்தது.

"சார், வலையில தூசியே இல்ல. உள்ள இவ்வளவு இருக்கு. எந்த வழியா வந்துச்சு?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"பக்கக் கதவத் திறந்துதான் வந்திருக்கு. பூஜைக்கு யாராவது இதுக்கு ஏர் அடிச்சாங்களா?"

பூஜைக்கு முந்தின நாள் எல்லாப் பட்டறையிலும் நடப்பது அது. கம்ப்ரஸர் பைப்பைப் பிடித்து ஒவ்வொரு மெஷினாகக் காற்றடித்துத் துடைப்பார்கள். மெஷினிலிருந்து கிளம்பும் இரும்புத்தூள் அறையெங்கும் பறக்கும். பைப்பில் காற்றோடு கொஞ்சம் தண்ணீரும் எண்ணெயும் வரும். லேத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது; கம்ப்யூட்டருக்குள் போனால், சுவிட்சைப் போட்டதும் கருகிவிடும்.

"நம்ம பசங்க யாராவது அடிச்சிருப்பாங்க," என்றார் வைத்தீஸ்வரன்.

மாரி தொண்டையைக் கனைத்தார். "பசங்க யாரும் அடிக்கல சார். பைப்ப நான் புட்சிகினு இருந்தேன். அட்ச்சது நீங்க."

"நானா?"

"எல்லா மெஷினும் குளிச்சாச்சு, இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுன்னு கேட்டீங்களே. என் கண்ணுல வேற தூள் வுழுந்து பேஜாராச்சு."

வைத்தீஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இருபத்திரண்டு வருஷமா பூஜைக்கு எல்லாத்தையும் நான்தான்மா துடைக்கிறேன். இதையும் நல்லதுக்குன்னு நினைச்சுதான் அடிச்சேன்."

"தெரியும் சார். நானும் சொல்லாம விட்டுட்டேன்," என்றார் தபீதாள். கதவில் தொங்கிய அட்டையைப் படித்துப் பார்த்தார். வலை, தரை இரண்டும் இருந்தன. பட்டறைகளில் ஆண்டுக்கு ஒருமுறை பைப்பைக் கையில் எடுப்பார்கள் என்பது அட்டை எழுதும்போது அவருக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது.

நல்லவேளையாக, டிராயிங் இருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த வேறு மின்பெட்டியை மாட்டி, தூளைப் பிரஷ்ஷால் எடுத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. திரை ஒளிர்ந்ததும் மாரிதான் முதலில் கும்பிட்டார்.

"இனிமே அந்தப் பக்கம் பைப்ப எடுத்துகினு போனீங்க, நான் வால்வ மூடிடுவேன் சார்."

"போய் வேலையப் பாருப்பா," என்றார் வைத்தீஸ்வரன். போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார். ‘சிஸ்டம் கெட்டதற்கு மேடம் காரணம் இல்லை. பூஜைக்கு நான்தான் ஏர் அடித்தேன். இப்போது ஓடுகிறது.’

தபீதாள் அட்டையில் மூன்றாவது வரி எழுதினார்: ‘ஏர் அடிக்க வேண்டாம். பூஜைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிடவும்.’ எழுதி முடிப்பதற்குள் போன் நான்கு முறை அடித்தது. காலையில் கட்டைவிரல் காட்டிய அதே நான்கு பேர். நான்கு பட்டறைகளிலும் கம்ப்யூட்டருக்கு ஏர் அடித்திருந்தார்கள்.

தான் வரும்வரை யாரும் சுவிட்சைப் போட வேண்டாம் என்று நால்வரிடமும் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த நான்கில் முதல் கம்ப்யூட்டரின் கதவைத் திறக்கிறார்.