அண்ணனும் அந்தச் சிவப்புக் காரும்

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். நினைவஞ்சலிக்கு, அவர் அன்பானவர், அமைதியானவர் என்று எழுதித் தரும்படி உறவுகள் கேட்டார்கள். அன்பானவர்தான். அமைதியானவர் இல்லை. எங்கள் வீட்டில் யாருமே அப்படி இல்லை. தங்கை நான் உள்ளதை எழுதுகிறேன், உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவோடு சேலை விற்கப் பெங்களூர் போய்வந்த வயதில், ஒரு பங்களாவின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தார். சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே சீட்டு. பார்த்த அன்றே பித்துப் பிடித்துவிட்டது. அதை லாரியில் ஏற்றிவந்து, யாரையும் கேட்காமல் ஒரு தறியைப் பிரித்துப் போட்டு, நெய்பவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழியின் மேல் நிறுத்தினார். குழிக்குள் இறங்கினால் அடிப்பக்கத்தை ரிப்பேர் பார்க்க வசதியாம்.

"சோறு போட்ட குழியில ஆயிலை ஊத்தறியாடா?" என்று அப்பா, தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாக்கட்டையை எடுத்து வீசினார். நாடாவின் முனை இரும்பு. புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. அண்ணன் அதைத் துண்டால் கட்டிக்கொண்டு மறுபடியும் குழிக்குள் இறங்கினார். பல வருடம் மல்லுக்கட்டி ஓடவும் வைத்தார். கல்யாணம் மட்டும் பண்ணிக்கொள்ளவில்லை.

என் கணவர் இறந்து நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பியபோது, பிழைக்க எனக்கொரு தறி வேண்டியிருந்தது. காரை வெளியே தள்ளச் சொன்னேன். "கொஞ்சம் பொறும்மா, வேற இடம் பார்க்கறேன்" என்றார். எனக்கு எங்கே பொறுமை? உலக்கையை எடுத்து முன்கண்ணாடியை நொறுக்கினேன். ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது. நான் அவர் கையைச் சதை பிய்யக் கடித்தேன். காரின் மேல் இரண்டு பேர் ரத்தமும் சிந்தியது.

மறுவாரமே தன் படுக்கையறையில் குழி தோண்டி எனக்குத் தறி போட்டுத் தந்தார். அவர் காருக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார்.

அந்தக் காருக்கு வேறு முன்கண்ணாடி எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வெல்டிங் கடைக்காரர் கண்ணில் மாட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தில் பூச்சி அடிக்க அடிக்கச் சந்தவாசல் வரை ஓட்டுவார். கிளம்பும்போதெல்லாம் என் தறிப்பக்கம் வந்து நிற்பார்.

"வாம்மா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"அந்தச் சனியன்ல நான் ஏறமாட்டேன்."

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒருநாள் கத்தினேன். "பேஜார் புடிச்ச வண்டிதான். ஆனா பக்கத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் எடம். கூப்பிட்டவங்க வர்ற வரைக்கும் காலியாவே ஓட்டிகினு இருக்கலாம்" என்றார். நான் தறியைப் பார்த்துக்கொண்டேன்.

மார்வலி வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "கண்ணாடி செஞ்சி மாட்டிட்டேன். இப்பவாவது ஏறுவியா?" என்று கேட்டார்.

"மொதல்ல நீ எழுந்து வா" என்றேன். அவர் வரவில்லை. ஏறுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி நான்.

கூடவே இருந்து கவனித்த மருத்துவர்கள், செவிலியர்கள், தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்த தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரியத்தன்று காரை விலைபேச வந்து என்னிடம் அடிவாங்கிய கலசப்பாக்கத்துத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. சட்டையைக் கிழித்தது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். விலை கேட்டதற்காக அடிக்கவில்லை. நீங்கள் பாட்டுக்குக் கதவைத் திறந்து இடது சீட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். அதில் நானே இன்னும் உட்காரவில்லை.