இரண்டு வண்டிப் பாரம்

ஐயா எஞ்சின் வாங்கியதும் மாடு வாங்குவது போலத்தான். அவருக்கு வேறு விதமாக வாங்கத் தெரியாது.

யாழ்ப்பாணத்தை விட்டு விசுவமடுவில் குடியேறி, காடு வெட்டி, நெல்லும் வெங்காயமும் விளைவிக்கத் தொடங்கியிருந்தோம். விளைந்ததைக் கிழமைக்கொரு தடவை கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோக இரண்டு மாட்டுவண்டிகள் இருந்தன. முன்வண்டி ஐயாவுடையது, பின்வண்டி என்னுடையது. போக ஒரு நாள், வர ஒரு நாள். அந்த இரண்டு நாளும் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதைவிடப் பெரிய பேறு உலகத்தில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அம்மாதான் வண்டி கட்டும் ஒவ்வொரு விடியலிலும், "இஞ்சருங்கோ, எங்கட பரம்பரையிலை பள்ளிக்கூட வாங்கிலிலை இருந்து படிக்கிற முதல் பிள்ளை இவன். இவனும் மாட்டு வாலைப் பிடிக்கத்தானோ காடு வெட்டினனீங்கள்?" என்பா. ஐயா மாட்டின் கழுத்தில் பூட்டாங்கயிற்றை இறுக்குவார்.

வவுனியாவில் லொறி ஓட்டிப் பழகிய மாமாதான் பிக்கப் கதையைத் தொடக்கினார். அம்மாவின் தம்பி, வாய் நிறைய எஞ்சின் கதை. ஏலத்தில் எடுத்த இழுவைப் பெட்டி ஒன்று வேலியோரம் கிடந்தது. அதை ஒரு பிக்கப்பின் பின்னால் கொளுவினால் போதும், காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்னைத்தான்ரா கிளீனரா வைப்பன்" என்றும் சொன்னார். லொறிக் கிளீனர்! அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

முல்லைத்தீவிலிருந்து நெல் வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி நானா, ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பிக்கப்புகளைக் கொண்டுவந்து எங்கள் வளவில் நிறுத்தினார். இரண்டும் ஒரே உருவம். ஒன்று பச்சை, பெற்றோல் எஞ்சின். மற்றது சாம்பல் நிறம், டீசல். பச்சையின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மாமா சாவியை ஒரு சுண்டு சுண்டினார். அது பாம்பு சீறுவதுபோல எழுந்து, பிறகு பூனைபோல முனகியது. டீசலோ சூடேறும்வரை காத்திருந்து, இருமி, கரும்புகை கக்கி, உரலில் நெல் குத்துவதுபோல இடிக்கத் தொடங்கியது. கோழிகள் வேலி பாய்ந்தன.

"இதிலை போனால் சனம் சிரிக்கும், அத்தான்," என்றார் மாமா.

ஐயா இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். பின்பக்கத்தைத் தடவினார்.

"பல்லையும் பிடிச்சுப் பாருங்கோவன்," என்றார் மாமா.

"கெட்ட சுழி ஒண்டும் இல்லை அண்ணை, நான் பாத்துத்தான் கொண்டுவந்தனான்," என்றார் நானா. எல்லாரும் சிரித்தோம். ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

பெட்டியில் ஒரு வண்டிப் பாரம் நெல் மூட்டை ஏற்றிப் பச்சையில் கொளுவினார்கள். மாமா குளக்கட்டு ஏற்றத்தில் ஒரே ஓட்டமாக ஓடி ஏறினார். நானும் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். அந்தக் காற்று! அம்மா உடனே சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து பச்சை மூடியில் வைத்து, சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டா. எங்கள் வீட்டில் சந்தனம் வைத்தால் அந்தப் பொருள் வந்துவிட்டதென்று அர்த்தம்.

அப்போதுதான் ஐயா வாய் திறந்தார். "ஓடி வாற மாடு ஏறும். நிண்ட மாடு இழுக்குதோ எண்டு பாக்க வேணும். ஏத்தத்தின்ரை நடுவிலை நிப்பாட்டு. மற்ற வண்டி மூட்டையளையும் ஏத்து."

மற்ற வண்டி என்றால் என் வண்டி.

"அத்தான், ஒரு வண்டிப் பாரம் இழுத்தாப் போதாதோ? மிச்சம் வழமைபோல வண்டியிலை வரட்டுமன்," என்றார் மாமா.

"மிச்சத்துக்கு ஆரை அனுப்பிறது?" என்று கேட்டு ஐயா என்னைப் பார்த்தார். நான் பிக்கப்பில் தொங்கியதற்கு ஏச்சு விழப்போகிறது என்று கீழே இறங்கிவிட்டேன்.

என் மூட்டைகள் பெட்டியில் ஏறின. நடு ஏற்றத்தில் நிறுத்தி மாமா மறுபடி எடுத்தபோது பச்சை அலறியது. சில்லு சுழன்று மண்ணை வாரி எறிந்தது, கருகல் மணம் வந்தது, முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. பிறகு பெட்டி அதைப் பின்னால் இழுக்கத் தொடங்கியது. ஐயா ஓடிப்போய்ச் சில்லுக்குக் கல் வைத்தார். கடைசியில் என் மாடுகளைக் கொண்டுவந்து கட்டித்தான் அதை மேலே ஏற்றினோம். சந்தனப் பொட்டோடு அது ஒரு பக்கமாக நின்று கொதித்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. சிரித்தாவோ அழுதாவோ தெரியாது.

பிறகு பெட்டியைத் திரும்ப நடு ஏற்றத்துக்கு இறக்கி டீசலில் கொளுவினார்கள். அதே இடம், அதே பாரம். ஐயா கையில் கல்லோடு பெட்டியின் பின்சில்லுக்குப் பக்கத்தில் நின்றார். மாமா அரை மனதோடு கியரைப் போட்டார். அது கத்தவில்லை. சத்தம் கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான். கொக்கி விறைத்தது. பெட்டிப் பலகைகள் ஒன்றோடொன்று முனகின. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பாரம் முழுவதும், இரண்டு சோடி மாடு நுரை தள்ளி இழுக்கிற பாரம், எறும்பு ஊர்வதுபோல அசைந்தது.

கோயிலில் தேர் முதல் அடி நகரும்போது சனம் "அரோகரா" என்னும்; எனக்கும் அப்படிக் கத்த வேண்டும்போல இருந்தது. உள்ளங்காலுக்குக் கீழே குளக்கட்டே அதிர்ந்தது. சின்னதொரு இரும்புப் பெட்டிக்குள் இவ்வளவு பொறுமை எங்கே இருந்தது என்று நான் வாய் பார்த்து நின்றேன். ஐயா பெட்டியோடு பெட்டியாக நடந்தார். கட்டின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து எஞ்சின் நின்ற பிறகும் அவர் கையில் அந்தக் கல் இருந்தது. அதைக் கீழே போட நினைவில்லாமல், மற்றக் கையால் சூடான மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நானா, இது நிக்கட்டும்," என்றார்.

"சந்தனம் வைச்சது மற்றதுக்கெல்லோ?" என்றார் நானா.

"அது ஓடுறதுக்கு நல்லது. கொண்டுபோங்கோ."

அடுத்த சந்தை நாள் விடிய, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளீனராகப் போய் நின்றேன். என் வண்டி மூட்டைகளும் பெட்டியில் அடுக்கியிருந்தன. ஐயா மாமாவுக்குப் பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு, "நீ எங்கை வாறாய்? பள்ளிக்கூடம் போ," என்றார். மாமாவைப் பார்த்தேன். அவர் றோட்டைப் பார்த்தார்.

பள்ளிக்கூடம் றோட்டோரம் ஓலைக் கொட்டில். வாத்தியார் வாய்ப்பாடு சொல்லித்தர, நாங்கள் இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த நெல் குத்தும் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு அது எங்களைக் கடந்து, அவசரமே இல்லாமல், கிளிநொச்சிப் பக்கமாகப் போனது. எல்லாப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். என்னுடைய மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, ஐயா என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகிறாரே என்றுதான்.