முகம் அழிந்த டிஸ்க்

ஓய்வு பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில், யாரோ போட்ட காலை வணக்கப் பூவுக்கு அடியில் அந்தச் செய்தி கிடந்தது. குற்றாலம் சண்முகவேல் அண்ணாச்சி காலமானார். தென்காசி அலுவலகத்தில் வெகுகாலம் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கியதைக் கூடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு பொருளை லேசில் வாங்கமாட்டார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்த காலத்தில், வெற்று டிஸ்க் வாங்க அவரைத்தான் துணைக்கு அழைத்துப்போனேன். கடைக்காரர் ஒரு கட்டு எடுத்து வைத்தார். "பேரு எழுத ஸ்டிக்கர் ஒட்டிக்கிடலாம் அண்ணாச்சி" என்றார்.

"எங்க ஊர் சாரலுக்கு ஸ்டிக்கர் ஊதிப்போயி கம்ப்யூட்டருக்குள்ள சிக்கிக்கிடும். லேசர்ல பேரு பொறிக்கிற டிஸ்க் இருக்கா?"

"அது வெலை கூட. அதுக்குத் தனி டிரைவும் வேணும்."

"டிரைவு வாங்கியாச்சு. அடுத்தவங்களுக்குப் போட்டுக் குடுக்கதுன்னா எதுவும் போதும், வீட்டுல வைக்கிறதுக்கு இதுதான்" என்று சொல்லி, எனக்கும் சேர்த்து அதையே எடுத்தார்.

முதலில் வீடியோவைப் பதிய வேண்டும். பிறகு டிஸ்கைத் திருப்பிப் போட்டால், மேற்புறத்தில் நாம் கேட்ட எழுத்தையும் படத்தையும் லேசர் மெல்லப் பொறிக்கும். பழுப்பு நிறம்தான். அவருக்கு அதுவே போதும். அவர் மனைவி மரகதம் மதினி இறந்த பிறகு, புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று எடுத்த வீடியோவை ஒரு டிஸ்கில் ஏற்றி, மேலே மதினியின் முகத்தைப் பொறித்தார். அசல் டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டதால் தூக்கிப் போட்டாயிற்று. மதினியின் குரல் இருந்தது அந்த ஒரு டிஸ்கில் மட்டும்.

இவ்வளவு பார்த்து வாங்கிய மனுஷன், முகம் நன்றாக வந்த பெருமையில் அதை ஷோகேஸில், ஜன்னலைப் பார்க்க நிறுத்திவைத்தார். வெயில் தின்றுவிட்டது. அடுத்த சாரல் சீசனுக்குள் மதினியின் முகம் இருந்த இடம் வெறும் புகையாகிவிட்டது.

"மூஞ்சி போச்சு தாயி. குரலும் போயிருக்குமோ?" என்று அலுவலகத்தில் கேட்டார். போட்டுப் பார்க்கச் சொன்னேன். "போட்டு, வரலேன்னா?" என்றார். சீசன் முடிந்தும் வெகுநாள் போடவில்லை. கடைசியில் டிஸ்கை என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

நான்தான் போட்டேன். கொஞ்சம் திக்கியது, பிறகு ஓடியது. "சாப்பிடாம யாரும் போயிராதிய" என்று மதினி பந்தலில் நின்று சொன்னார். அண்ணாச்சி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

அன்றே பிரதிகள் போட்டார். "மூஞ்சி வேண்டாம், பேரு போதும். வெளிச்சத்துல வைக்காத" என்று ஒன்றை என்னிடம் கொடுத்தார். அவர் வீட்டில் இருந்தவை சாரல் ஈரத்தில் வீணாகிவிட்டன. தென்காசியில் என் பீரோவுக்குள் இருந்தது பிழைத்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து அவர் மகன் வந்தான். "அப்பா வீடியோ ஒண்ணுகூட இல்ல அத்தை. எல்லாத்துலயும் கேமரா அவங்க கையிலல்லா இருந்துச்சு" என்றான். அம்மாவையாவது பார்க்கட்டும் என்று இந்த டிஸ்கைப் போட்டேன். மதினி எல்லோரையும் சாப்பிடச் சொல்லி முடித்ததும், கேமராவுக்கு வெகு பக்கத்தில் ஒரு குரல், "ஏட்டி, நீ சாப்ட்டியா?" என்றது. இத்தனை வருடம் மதினிக்காகவே கேட்டதில் அது எங்கள் காதிலேயே விழவில்லை. மகன் திரும்பத் திரும்ப அதே இடத்தைப் போடச் சொன்னான்.

அவனுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். டிஸ்க் என்னிடம் இருக்கிறது. மேலே மரகதம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. நான் அதை வைத்திருப்பது அண்ணாச்சியின் குரலுக்காக.