புகாரில் முதல் பெயர்

என்னிடம் உள்ள கடிதம் நான்காக மடிக்கப்பட்டது. மேல்பாதியில் பிரெஞ்சிலும் கீழ்ப்பாதியில் ஆங்கிலத்திலும் ஒரே செய்தி தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. கீழ்நிலைக் குமாஸ்தா வேலைக்கு நேர்முகத் தேர்வு, பிப்ரவரி 1958, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. தேதி இருந்த இடம் மடிப்பில் கிழிந்துபோயிற்று. அமாவாசைக்கு முந்தின நாள் என்று என் நோட்டில் எழுதியிருப்பதால், பஞ்சாங்கத்தைப் பார்த்து 17 என்று கொள்கிறேன். அப்படியானால் நாங்கள் பெரியப்பா மகனை அடித்த வெள்ளிக்கிழமை 14.

"நாங்கள்" என்று எழுதியது பழக்கதோஷம். அடித்தது நான்.

பாகூர் ஏரியிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றில் எங்கள் கழனியும் பெரியப்பா கழனியும் அடுத்தடுத்து இருந்தன. தண்ணீர் முறை வைத்துப் பாயும். 1951இல் அந்த முறைச் சண்டையில் அப்பாவின் தோள்பட்டை உடைந்தது. மறுவருஷம் அவர் இறந்தார். 1953இல் எங்கள் வைக்கோல் போர் எரிந்தது. 1954 மார்ச்சில், பிரெஞ்சுக்காரன் போவதா இருப்பதா என்று கொம்யூன் எனப்பட்ட எங்கள் வட்டாரம் முழுவதும் அடிதடி நடந்தபோது, அவர்கள் ஒரு கொடியும் நாங்கள் ஒரு கொடியும் பிடித்தோம். அந்தக் கல்வீச்சில் எங்கள் மாட்டுக்கு ஒரு கண் போயிற்று. கொடிகள் புதியவை. எறிந்தவர்கள் பழைய ஆட்கள்தாம்.

வைக்கோல் போர் எரிந்தபோது புகார் எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கு வயது பதினாறு, வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புகார் கொடுத்தால் எதிர்வீட்டில் படித்தவன் எவனோ, வேலைக்குப் போகிறவன் எவனோ, அவன் பெயரை முதலில் எழுத வேண்டும். அடித்தவனுக்கு இரண்டு மாதம் சிறை ஒன்றும் செய்யாது. படித்தவனுக்கு ஒரு வழக்கு போதும். பெரியப்பாவின் மருமகன் அப்போது வில்லியனூர்ப் பக்கத்தில் வாத்தியார். போர் எரிந்த அன்று அவர் எங்கள் ஊரிலேயே இல்லை. அவர் பெயரைத்தான் முதலில் எழுதினேன். அவருக்கு வேலை போயிற்று.

அதனால் எனக்கு இண்டர்வியூ கடிதம் வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "திங்கக்கெழம வரைக்கும் யாரு மூஞ்சிலயும் முழிக்காத." இரண்டாவது, "எவன் இன்னா சொன்னாலும் கை நீட்டாத."

நான் பிரெஞ்சில் படித்துத் தேறியவன். ஆங்கிலம் அகராதியையும் பழைய செய்தித்தாள்களையும் வைத்து நானே கற்றது. கொம்யூன் ஆபீசின் பிரெஞ்சுப் பதிவேடுகளை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்க ஆள் தேவைப்பட்ட காலம் அது. கேட்கப்படக்கூடிய கேள்விகள் நாற்பதை எழுதி, பதில்களை ஏரிக்கரையில் நடந்தபடி உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா மகன் ஒருநாள் வழிமறித்து நின்றான்.

"இன்னாடா, ஏரிகிட்ட இங்கிலீசு பேசினுகிற? அதுக்குத் தமிழே புரியாது."

"பரீட்சைக்குப் படிக்கறேன்."

"படி, படி. தொரை ஆவப்போற. அப்பறம் சேத்துல கால வெக்க மாட்ட."

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவன் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சூரியன் ஏறினால் எங்கள் முறை. வாய்க்கால் தலைப்பில் ஒருவரும் கழனியில் ஒருவரும் நிற்க வேண்டும். வேறு ஆள் கிடைக்காததால் அண்ணன் என்னை அழைத்துப் போனான். அம்மா மறித்தாள். "வரப்புல நின்னு படிக்கட்டும், எறங்க மாட்டான்" என்று அண்ணன் சொன்னான்.

தலைப்பில் பெரியப்பா மகன் மண்ணும் புல்லுமாக அணை போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பியிருந்தான்.

"சூரியன் ஏறிடுச்சி. வெட்டி உடு" என்றான் அண்ணன்.

"இன்னும் ரெண்டு பாத்தி நனையல. நனைஞ்சதும் உடறேன்."

"போன மொறையும் இதான் சொன்ன."

"உன் தம்பிய இங்கிலீசுல கேக்கச் சொல்லு. உட்டுடறேன்."

அண்ணன் வாய்க்காலில் இறங்கி அணையை வெட்டினான். இரண்டாவது வெட்டு விழுவதற்குள் பெரியப்பா மகனின் மண்வெட்டிக் காம்பு அண்ணன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வரப்பில் நின்ற எனக்குக் கேட்டது. அண்ணன் கையிலிருந்த மண்வெட்டி வரப்போரம் வந்து விழுந்தது. அண்ணன் குப்புற விழுந்தான். அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, பிடரியைப் பிடித்துச் சேற்றுக்குள் அழுத்தினான் பெரியப்பா மகன். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அண்ணனின் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. பிறகு உதைப்பது குறைந்தது.

அகராதியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதன் இரும்பு இலையின் பின்புறத்தால் பெரியப்பா மகனின் காதுக்குப் பின்னால் அடித்தேன். அவன் பக்கவாட்டில் சரிந்தான். அண்ணன் தலையைத் தூக்கிச் சேற்றைக் கக்கினான். அதோடு முடிந்திருக்க வேண்டும். பெரியப்பா மகன் மல்லாந்து கிடந்தான், கண் திறந்திருந்தது, கையில் எதுவும் இல்லை. நான் மறுபடி ஓங்கி அவன் முகத்தில் அடித்தேன். தாடை ஒரு பக்கமாகத் திரும்பிப்போனது. பல்லும் ரத்தமும் தண்ணீரில் எங்கள் கழனிப் பக்கம் ஓடின.

முதல் அடி அண்ணன் உயிருக்காக. இரண்டாவது அடிக்கு அன்றும் காரணம் இல்லை, இன்றும் இல்லை. அடித்தபோது நன்றாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மகனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்த பெரியம்மா வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

வீட்டுக்கு ஓடினோம். அம்மா கிணற்றடியில் என் சட்டையைக் கழற்றி, கையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தோடு உட்காரச் சொன்னாள். பிறகு உடைந்த கையைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணனை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். கால்மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். அண்ணன் முகத்துச் சேற்றைக்கூடக் கழுவவில்லை.

போலீஸ்காரர் வந்தபோது பெரியம்மாவும் வாசலுக்கு வந்துவிட்டாள். "சின்னவன்தான்யா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். உழுந்தவன திரும்பியும் அடிச்சான்யா."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "இவனுக்குத்தான திங்கக்கெழம இண்டர்வியூ?"

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"அதான பாத்தேன். படிச்சவன் பேர் இன்னும் வரலியேன்னு நெனச்சினே வந்தேன்."

"பொய் சொல்லலய்யா" என்று பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் எழுந்து முன்னால் வந்தான். "நான்தாங்க அடிச்சேன். என் கைய ஒடைச்சான், தண்ணில அமுக்கினான், அடிச்சேன். தம்பி வூட்டுல படிச்சினு இருந்தான்."

உடைந்த கையோடு எப்படி அடித்தாய் என்று போலீஸ்காரர் கேட்கவில்லை. அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் நாற்பது கேள்விகளோடு நாற்பத்தொன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை எங்கே இருந்தாய்? அதற்கான ஆங்கில வாக்கியத்தை ஏரிக்கரைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே சொல்லிப் பழகினேன். தயங்காமல் வரும் வரை பழகினேன்.

திங்கட்கிழமை மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு பழைய நிலப்பதிவேட்டுப் பக்கத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். மண்வெட்டிக் காம்பு கிழித்த உள்ளங்கைக் காயம் எழுதும்போது திறந்துகொண்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு எழுதினேன். படித்துப் பார்த்தவர் தலையசைத்தார். பிறகு நடுவில் இருந்தவர், சென்னையிலிருந்து வந்தவர் என்று சொன்னார்கள், ஒரு மனுவை எடுத்தார். வேலை போன அந்த வாத்தியார் மருமகனின் கையெழுத்து எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நடந்ததை உள்ளபடியே எழுதியிருந்தார்.

நடுவில் இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு எழுத்தில்கூட நாக்கு தடுமாறவில்லை.

அவர் தமிழுக்கு மாறினார். "இந்த மாசத்துல இது நாலாவது மனு. உங்க ஊர்ப்பக்கம் ஒரு இண்டர்வியூன்னா கூடவே ஒரு கொலைமுயற்சி வருமோ?" மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உங்க அண்ணனே ஒத்துக்கிட்டாராமே. நல்லாப் படிச்சிருக்கீங்க. போங்க."

ஏப்ரலில் நியமன உத்தரவு வந்தது. அப்போதும் பிரெஞ்சுச் சட்டமே நடப்பில் இருந்தது. அதன்படி அண்ணனுக்கு எட்டு மாதம் சிறை. பெரியப்பா மகனால் மூன்று மாதம் பேச முடியவில்லை. பேசியபோது என் பெயரைத்தான் சொன்னான். படித்தவன் பெயரைச் சொல்கிறான் என்று கோர்ட்டிலும் தள்ளிவிட்டார்கள். கடைசிவரை அவன் துணியைக் கஞ்சியில் நனைத்துத்தான் உறிஞ்சினான்.

அண்ணன் வெளியே வந்தபோது அவனுடைய வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. அதன்பின் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. 1962இல், பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி முடிந்த ஆகஸ்ட் மாதத்தில், ஆபீசிலிருந்து திரும்பி அம்மாவிடம் கேட்டேன்.

"கொட்டகைக்குப் பின்னால அண்ணங்கிட்ட இன்னா சொன்ன?"

"கைக்குத் துணி கட்டினேன்."

"அதுக்குக் கால்மணி நேரமா?"

"அவன் பெரியவன்டா. அவனுக்குத் தெரியாதா" என்றாள்.

அண்ணனிடம் இரண்டு முறை கேட்டேன். ஒருமுறை, "உடுடா" என்றான். இன்னொரு முறை எழுந்து போய்விட்டான். இருவரும் இப்போது இல்லை. பழியை ஏற்கும்படி அம்மா கேட்டாளா, அண்ணன் தானாகவே ஏற்றானா என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. உறுதி செய்யப்படாதது என்றே பதிவு செய்கிறேன்.