பன்னிரண்டு பேரும் ஒரு மனுவும்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நான் மனநல ஆலோசகன். அதற்காகவே முதுகலை படித்தவன். இங்கே வளைகுடாவில் எங்களுக்கு உரிமம் கிடையாது என்பதால், பள்ளியில் ஆலோசகனாக வேலை பார்த்தாலும் விசாவில் க்ளார்க்.

நான்கு வருடங்களுக்கு முன், எங்களுக்கும் உரிமம் கேட்டு சுகாதாரத் துறைக்கு ஒரு மனு எழுதினேன். பன்னிரண்டு ஆலோசகர்கள் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்கள். கடைசியில் என் கையெழுத்து மட்டும்தான் போனது. அந்த மாதமே பள்ளியில் விசாவை ரத்து செய்தார்கள். இரண்டு வருடம் ஊரில் சும்மா இருந்துவிட்டு, வேறு பள்ளிக்கு மறுபடியும் க்ளார்க்காகவே வந்தேன்.

இன்று அல் குசைஸ் பஸ்ஸில், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான கீழக்கரை நசீர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, மறுபடியும் மனு கொடுக்கிறோம். நீங்க எழுதுனதுதான், ஒரு வரிகூட மாத்தல.”

“யார் கையெழுத்துப் போடுறீங்க?”

“நீங்க போட்டாத்தான் நல்லாருக்கும். விசா கொடுத்த கஃபீலுக்குத் தெரிஞ்சா எங்க வேலை கலாஸ். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே.”

இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன்.

இதை எழுதிக் கீழே பெயரும் போட்டேன். எங்கள் பள்ளி மேனேஜர் தமிழ் வாசிப்பவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெயரை எடுத்துவிட்டேன்.

நான் யாரென்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள்.