டீ குடித்தால் பாஸாகும் டெஸ்ட்

திண்டிவனத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் ஆபீஸ். மொத்தம் ஐந்து பேர். மயிலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போன ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கல்லூரி லேபில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவள். இங்கே அவளுக்கு மூன்று மாதம் ப்ரொபேஷன். அது முடிய ஒரு வாரம்தான் பாக்கி.

எங்களிடம் ஒரு பில்டு புரோகிராம் உண்டு. நூற்றுக்கணக்கான கோப்புகளில் எது புதிதாகத் திருத்தப்பட்டதோ அதை மட்டும் பொறுக்கி மறுபடி தயாரிக்கும். கோப்பைத் திருத்திய நேரம், கடைசியாகத் தயாரித்த நேரத்துக்குப் பிந்தியதா என்று பார்த்துத்தான் அது முடிவெடுக்கும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தானாகவே சோதிக்கும் டெஸ்டுகளை எழுதுவது அவள் வேலை. அவள் கணினியில் ஒரு கோப்பு திருத்தப்படும். சர்வரில் பில்டு ஓடும். அந்தக் கோப்பு புதிதாகத் தயாரானால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

வேடிக்கை என்னவென்றால், ஒரு தடவை பில்டு ஓடிய கையோடு டெஸ்ட் போட்டால் சிவப்பு. டீ குடித்துவிட்டு வந்து போட்டால் பச்சை. டெஸ்டுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதுதான் என்று கிண்டலை ஆரம்பித்து வைத்தவளே நான்தான். அவளும் சிரித்துக்கொண்டே மூன்று வாரம் அழித்து அழித்து எழுதினாள். முதலாளி சாருக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அவசரமாகப் பையை எடுத்தபோது, இன்னும் நேரம் இருக்கிறதே அக்கா என்றாள். அவள் திரையில் ஐந்தே கால். என் மேஜைமேல் இருந்த சர்வர் திரையில் ஐந்து இருபத்தைந்து. நான் விழுப்புரத்துக்காரி. ரயிலைத் தவறவிடக் கூடாது என்று ஹால் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைக்கிற வீட்டில் வளர்ந்தவள். என் பொறுப்பிலிருந்த சர்வரையும் கை தானாகவே அப்படி வைத்துவிட்டிருந்தது. சர்வர் தயாரித்ததெல்லாம் அதன் கணக்கில் பத்து நிமிஷம் கழித்துப் பிறந்தவை. அவள் இப்போது திருத்துவது அவற்றைவிடப் பழசாகத் தெரியும். பில்டு பாவம், என்ன செய்யும்? டீ குடித்து வருவதற்குள் அந்தப் பத்து நிமிஷம் கழிந்துவிடும், அதனால்தான் பச்சை.

அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் சத்தமில்லாமல் சர்வர் கடிகாரத்தைச் சரியாக்கினேன். நாளைக்கு எல்லாம் பச்சையாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை என்று நினைத்தேன். ரயிலையும் பிடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாமே பச்சை. எதை மாற்றினாய் என்று சார் கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"ஒண்ணுமே மாத்தல சார். இப்ப இன்னாத்துக்கு பாஸாவுதுன்னும் தெரியல."

காரணம் தெரியாத பச்சையை நம்பி எப்படி வாடிக்கையாளருக்கு அனுப்புவது, திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார் சார். அவள் தலையாட்டினாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று கடிகாரக் கதையை மொத்தமாகக் கொட்டிவிட்டேன்.

சார் என்னை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலை அவளுக்குத்தான் என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் அவள் ஒரு புது டெஸ்ட் எழுதினாள். இரண்டு கணினியிலும் ஒரே நேரம்தானா என்று அது முதலில் பார்க்கும். அதற்கு 'அக்கா' என்று பெயர் வைத்தாள். ஆபீஸே சிரித்தது, நானும்தான்.

சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது மன்னிப்பு கேட்டேன். பரவாயில்லை என்றாள். இன்னும் இரண்டு படி இறங்கியவள் நின்றாள்.

"மூணு வாரமா எனக்கு மூளையே இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா. வூட்லகூட அப்டித்தான் சொல்லி வச்சிருக்கேன்."