முட்டைக் கிடங்கில் உறங்கிய போர்ட் புட்டி

பழைய போர்ட் ஒயின் சேர்க்கிறவனுக்குச் சேலத்தில் இரண்டு எதிரிகள். ஒன்று சித்திரை வெயில், மற்றொன்று சொந்தக்காரர்கள். வெயிலாவது சாயங்காலம் இறங்கிவிடும்.

ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள், பழைய ரேடியோவைத் துடைத்துத் துடைத்து வைக்கிறவர்கள், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் என் இனம். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. போர்ட் என்பது போர்ச்சுக்கல் நாட்டில் செய்கிற இனிப்பான, காட்டமான சிவப்பு ஒயின். திராட்சை பிரமாதமாக விளைந்த ஒரு வருடத்துச் சரக்கை மட்டும் தனியே எடுத்து, அந்த வருடத்தை மேலே எழுதிப் புட்டியில் அடைப்பார்கள். அதை இருட்டில், குளிர்ச்சியில், படுக்கப் போட்டு, அசைக்காமல் இருபது முப்பது வருடம் வைத்திருக்க வேண்டும். மண்டி கீழே படியும், தெளிவு மேலே நிற்கும். மொத்தத்தில் நாம் செய்ய வேண்டியது எதுவுமே செய்யாமல் இருப்பதுதான். நம் ஊரில் அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

மகள் பிறந்த வருடத்துப் புட்டி

எனக்குக் குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை, குடியிருப்பு சேலம் டவுனில். துண்டும் மேசைத் துணியும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். துணி பார்க்க வருகிற போர்ச்சுக்கல் வியாபாரி ஒருவர், என் மகள் அமலி மழலை பேசிக்கொண்டிருந்த நாளில் ஒரு புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பிறந்த வருடத்துத் திராட்சை. அவர் ஊரில் பிள்ளை பிறந்த வருடத்துப் புட்டியை எடுத்து வைத்து, அந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் திறப்பார்களாம். எனக்குப் பித்துப் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு அவர் மூலமாகவும், கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி மூலமாகவும் வேறு புட்டிகள் வந்தன. சிலவற்றை வைத்திருந்தேன், சிலவற்றை நண்பர்களோடு ருசி பார்த்தேன். ஆனால் அமலியின் புட்டி ஒன்றே ஒன்றுதான். அது கெட்டுப்போனால் வேறு வாங்கவும் முடியாது, கெட்டுப்போய்விட்டதா என்று திறக்காமல் தெரிந்துகொள்ளவும் முடியாது. அவள் கல்யாணத்தன்று அதைத் திறந்து முதல் வாய் அவளுக்குத் தர வேண்டும். என் வாழ்நாள் ஆசை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். இதை என் மனைவி ஸ்டெல்லாவிடம் மிகுந்த உருக்கத்தோடு எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “ஊரு உலகத்துல பொண்ணுக்கு நகை சேத்து வெப்பாங்க. நீங்க சரக்கு சேத்து வெக்கிறீங்க.”

இருமலுக்கு நல்லது

ஸ்டெல்லாவின் தம்பி சேவியர் ஒரு முறை வந்து தங்கியிருந்தான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தோம், அவன் இருமல் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டான். திரும்பி வந்தபோது சமையலறையில் மிளகு வாசனை. என் அலமாரியில் அமலியின் புட்டிக்குப் பக்கத்தில் இருந்த புட்டியைத் திறந்து, வெந்நீர் கலந்து, மிளகுத் தூள் போட்டு, டம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்தான். நான் சேர்த்து வைத்திருந்தவற்றிலேயே வயதில் மூத்த புட்டி அது.

அமலியின் புட்டி எப்படித் தப்பியது என்கிறீர்களா? எங்கள் வீட்டில் எது பத்திரமாக இருக்க வேண்டுமோ அதற்கு ஜெபமாலை போட்டு வைப்போம் என்று குழந்தை தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, தன் சின்ன ஜெபமாலையை அதன் கழுத்தில் மாட்டியிருந்தாள். கோவில் சாமான் என்று நினைத்து மச்சினன் கை வைக்கவில்லை. அந்த நன்றிக்காக அவனைத் திட்டாமல் விட்டேன். அவனோ கடைசி மடக்கையும் குடித்துவிட்டு, மனதாரச் சொன்னான்: “இனிப்ப மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க மாமா, மத்தபடி இருமலுக்கு நல்லாக் கேக்குது.”

ஏசி யாருக்கு?

வெயிலுக்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். ஒவ்வொரு தடவை அரிசி அள்ளும்போதும் புட்டி உருண்டது. அடுத்து மண்பானையில் ஈர மணலைக் கொட்டி அதில் படுக்க வைத்தேன். எறும்பு வந்தது. கடைசியில் அமலியின் அறைக்கு ஏசி போட்டு, புட்டியை அவள் கட்டிலுக்கு அடியில் கம்பளியில் சுற்றி வைத்தேன். எங்கள் ஹாலில்கூட அப்போது ஏசி கிடையாது.

பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று அப்பா எவ்வளவு செய்கிறார் பாருங்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா தன் கணவருக்குக் கேட்கிற மாதிரி புகழ்ந்தார். நானும் மறுக்கவில்லை, நல்ல பெயர் தானாக வரும்போது ஏன் தடுக்க வேண்டும். அமலிதான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் போட்டு உடைத்தாள்: “ஏசி எனக்கில்ல ஆன்ட்டி, கட்டிலுக்கு அடியில படுத்திருக்கிற என் கூடப்பொறந்தவளுக்கு.”

முட்டையோடு முட்டையாக

அமலி வேலைக்காக வெளியூர் போனதும் ஏசியும் நின்றது. அவள் இல்லாத அறையில் புட்டிக்கு மட்டும் ஏசி ஓட ஸ்டெல்லா சம்மதிக்கவில்லை. அந்த நேரத்தில் கைகொடுத்தவர் நாமக்கல் நண்பர் பொன்னுசாமி. முட்டை வியாபாரம், சொந்தமாகக் குளிர்கிடங்கு. ஒரு நாள் அதற்குள் காலை வைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருட்டு, மிதமான குளிர், லேசான ஈரம், ஜெனரேட்டர் வேறு. போர்ச்சுக்கல்காரன் மலையைக் குடைந்து பாதாளத்தில் கட்டியதை இவர் தகரக் கூரை போட்டு மெயின் ரோட்டோரம் கட்டியிருந்தார்.

முட்டை வாடை மூடியைத் தாண்டி உள்ளே இறங்குமா என்று கேட்டேன். நல்ல முட்டைக்கு வாடை ஏது என்று அவர் சற்று வருத்தப்பட்டார். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மரப் பலகை அடித்து, புட்டிகளைப் படுக்க வைத்து, என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்: “முட்டையும் ஒறங்குதுங்க, உங்க பாட்டலும் ஒறங்கட்டுமுங்க, நீங்க ஊட்டுக்குப் போயி ஒறங்குங்ணா.”

இடப்பக்கம்

கிடங்கு வாடகை வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், அவ்வப்போது ஒரு புட்டியை அவர் வீட்டிலேயே திறப்பது வழக்கமானது. நான், பொன்னுசாமி, அவருடைய நண்பரான ஒரு பல் டாக்டர். சின்னக் கிளாஸ், ஆளுக்குக் கொஞ்சம், நிறையப் பேச்சு. என்ன மணம் வருகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். உலர்ந்த திராட்சை என்றேன் நான். டாக்டர் கிராம்பு என்றார், அவர் தொழில் அப்படி. பொன்னுசாமி கண்ணை மூடி நெடுநேரம் மோந்துவிட்டு, புது லாரியின் சீட்டு என்றார். வெளிநாட்டு நிபுணர்களும் தோல் வாசனை என்றுதான் எழுதுகிறார்கள், அவர்களுக்கு நாமக்கல் லாரி தெரியாததுதான் குறை.

ஒரே ஒரு சிக்கல். போர்ட் புட்டியை மேசையில் இடப்பக்கத்து ஆளுக்குத்தான் நகர்த்த வேண்டும் என்பது சம்பிரதாயம். நான் அதைச் சொன்னதும் டாக்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இடப்பக்கம் கொடுத்து வாங்குவது மரியாதையா என்று ஒரு விவாதம் கிளம்பி, ருசி பார்க்கிற வேலை அப்படியே நின்றது. பொன்னுசாமி எழுந்து, மேசையைச் சுற்றிப் புட்டி போகிற வழியிலேயே தானும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “கோயிலச் சுத்தறாப்புலதானுங்க போவுது. அப்பத் தப்பில்லீங்க, சுத்தட்டும்.”

மாரப்பனின் அக்கறை

அமலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆத்தூர்க்காரர். புட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதை நிமிர்த்தி வைத்து, மண்டி அடியில் இறங்க விட வேண்டும். அதற்காகச் சில வாரம் முன்பே நாமக்கல் போனேன். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற மாரப்பன் என்னைக் கண்டதும் சந்தோஷமாகப் பின்பக்கம் கூட்டிப் போனார். போனவர், என் கண் முன்னாலேயே அமலியின் புட்டியை ஜெபமாலையோடு பிடித்து, பக்குவமாக ஒரு அரைச் சுற்று புரட்டினார். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். அவர் முன்பு குஞ்சு பொரிக்கும் பண்ணையில் இருந்தவர், அங்கே முட்டையைப் புரட்டாவிட்டால் வேலை போய்விடும். இங்கே சேர்ந்த நாளிலிருந்து காலையிலும் மாலையிலும் ஒரு நாள் விடாமல் புரட்டி வந்திருக்கிறார்.

பக்கத்திலிருந்த காலி அட்டைப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் அசையாமல் படிய வேண்டிய மண்டி முழுவதும் உள்ளே கரைந்து சுற்றிக்கொண்டிருக்கும். அமலியின் புட்டி போய்விட்டது என்றே நினைத்தேன். கோபப்படலாம் என்று நிமிர்ந்தால், ஞாயிற்றுக்கிழமைகூட இதற்காகவே வந்து போன மனிதர் பாராட்டை எதிர்பார்த்து நிற்கிறார். அவர் சொன்னார்: “ஒரே பக்கமாக் கெடந்தா கரு ஓட்டுல ஒட்டிக்குமுங்க சாமி. உங்க பொண்ணு பாட்டல்னு மொதலாளி சொன்னாருங்க, அதான் மத்தத உட இதுக்கு ஒரு பொரட்டு சேத்துப் போட்டனுங்க.”

புட்டி வராவிட்டால் நாம் போவோம்

இனி யாரும் தொடக்கூடாது என்று புட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். கல்யாணம் வரைக்கும் அசையாமல் நின்றால் மண்டி இறங்கலாம். ஆனால் அது மறுபடி கலங்காமல் புட்டியைச் சேலத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாக வரும் வேகத்தடைகளை எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. மாரப்பனாவது பக்குவமாகப் புரட்டியவர், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்குவம் கிடையாது. வேண்டாம் விடு, கேக்கோடு கடை ஒயினே போதும் என்று அமலியிடம் போனில் சொன்னேன்.

அவள் ஒரே நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டாள். கல்யாணத்தன்றே திறப்போம், புட்டி வர முடியாவிட்டால் நாம் போவோம் என்றாள். பட்டுப்புடவையோடு பெண்ணை முட்டைக் கிடங்குக்கு அனுப்புவதா என்று ஸ்டெல்லா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சம்பந்திக்குத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆத்தூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: “எங்க பக்கம் கல்யாணம் ஆனா பொண்ணு மாப்பிள்ளைய மாமியார் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போவாங்க. நீங்க குடோனுக்கு அழைக்கிறீங்க. சரி, வரோம்.”

வெளிச்சத்தில் பார்த்தது

காலையில் கோவிலில் திருப்பலி, மத்தியானம் மண்டபத்தில் பிரியாணி, வெயில் தாழ்ந்ததும் இரண்டு காரில் நாமக்கல். முட்டை அடுக்குகளுக்கு நடுவே பொன்னுசாமி ஒரு மேசை போட்டு வெள்ளைத்துணி விரித்திருந்தார். துணி எங்கள் பட்டறையில் நெய்தது. அமலி புட்டியின் கழுத்திலிருந்து ஜெபமாலையைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டாள். மூடி பாதியில் உடைந்து, ஒருவழியாக வெளியே வந்தது. இனித்தான் விஷயமே. புட்டியை மெல்லச் சாய்த்து, தெளிவை மட்டும் கண்ணாடிக் கூஜாவில் இறக்கி, மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிட வேண்டும். பின்னால் வெளிச்சம் இருந்தால்தான் அது தெரியும். நான் மெழுகுவத்தி கொண்டுவர மறந்துவிட்டேன்.

மாரப்பன் உள்ளே போய், முட்டைக்குள் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற விளக்கை எடுத்துவந்து, கேட்காமலேயே புட்டியின் கழுத்துக்குப் பின்னால் பிடித்தார். நான் சாய்த்தேன். மாணிக்கச் சிவப்பில், தெளிவாக இறங்கியது. என் கண் கலங்கியிருந்தது. போதுமுங்க சாமி என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். புரட்டிய மனிதரே நிறுத்தியும் கொடுத்தார்.

முதல் வாய் அமலிக்கு. குடித்துவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ருசி நன்றாக இருந்தது, மிக நன்றாக இருந்தது, ஆனால் எனக்கு அழுகை வந்தது அதற்காக இல்லை. கிளாஸ் இடப்பக்கமாகவே சுற்றியது. சம்பந்தி, மாப்பிள்ளை, பொன்னுசாமி, மாரப்பன் என்று ஆளுக்கொரு வாய். கடைசியில் ஸ்டெல்லாவிடம் வந்தது. இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுகூடத் தொடாதவள், வாங்கி ஒரு மிடறு குடித்தாள். குடித்துவிட்டு, முந்தானையால் மகளின் கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்: “நகையா இருந்தா இவளோட போயிருக்கும். இது பரவாயில்ல, நமக்கும் ஒரு வாய் கெடச்சுது.”

ஒரு தலைமுறை முழுக்கக் காவல் காத்ததைக் கால் மணி நேரத்தில் குடித்துத் தீர்க்கிற இந்தப் பொழுதுபோக்கில் நான் கற்றது என்னவென்றால், பேரனோ பேத்தியோ பிறக்கிற வருடம் போர்ச்சுக்கல்லில் நல்ல விளைச்சலாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் இப்போதே வேண்டிக்கொள்வதும், அதை ஸ்டெல்லாவின் காதில் போடாமல் இருப்பதும்தான்.